டென்னிஸ் எல்போவுக்கு ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

மூன்று மாதமாக முழங்கை வலி, ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போட்டுக்கொண்டவன். அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில்.

சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை வலது கையில் குறடு. வெள்ளிக் கம்பியை வளைத்துக் கோக்கிற வேலை. 43 வயதில், ஒரு கார்த்திகை மாதம், டீ டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்தியது. பிறகு ஈரத்துணி பிழிய முடியவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள், ஆக்சிலரேட்டரை முறுக்கிய கை மரத்துண்டு போலானது.

தை முகூர்த்த ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாலாம் நாளே வலி இல்லை. விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்தேன். பங்குனியில் வலி திரும்பியது, முன்பைவிட மோசமாக. எனக்கு மட்டும் இப்படி இல்லை. 2006இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 198 பேரைப் பார்த்தார்கள். முதல் ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னால் இருந்தார்கள். ஆனால் ஊசியில் தேறியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி திரும்பியது. ஒரு வருட முடிவில், சும்மா காத்திருந்தவர்களைவிடவும் ஊசி போட்டவர்கள் பின்தங்கியிருந்தார்கள்.

காரணம் எளிது. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் முழங்கை எலும்பில் வந்து ஒட்டும் இடம்தான் பழுதாகிறது. இறுக்கிப் பிடித்துப் பிடித்து அங்கே இழைகள் நைந்துபோகின்றன. ஊசி வலியை அடக்கும். நைந்த நாணைத் தேற்றாது.

அதன்பிறகு போன பிசியோதெரபிஸ்ட், தங்கை வயதுப் பெண், சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது: "கையைக் கட்டிப்போட்டு வெச்சா நாண் இன்னும் பலம் போயிடும்ங்கண்ணா. கொஞ்சம் கொஞ்சமா பளு குடுத்துத்தான் தேத்தணும்." முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். முதல் இரண்டு வாரம் அசைக்காமல், இன்னொரு கையால் மேலிருந்து அழுத்தி 30 விநாடி தாங்குவது, ஐந்து முறை. அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடது கையால் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று. லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்று மாதத்தில் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு வந்தேன்.

பட்டறையிலும் மாற்றினேன். குறட்டுப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியதில், இறுக்கிப் பிடிக்க வேண்டிய பலம் பாதியானது. முழங்கைக்குப் பெல்ட் போடுவதானால் வலிக்கும் எலும்பின்மேல் போடக் கூடாது, இரண்டு விரல் கீழே தசையின்மேல்தான். பை, குடம் எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கட்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று அந்த எலும்பிலேயே யாரையும் தேய்க்க விடாதீர்கள். எனக்கு இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை.

சச்சின் 2005இல் லண்டன் போய் இதே வலிக்கு ஆபரேஷன் செய்துகொண்டதால் அதுதான் முடிவு என்று பலர் பயப்படுகிறார்கள். பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடுகிறது. ஆனால் விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, முழங்கை வீங்கினாலோ இது வேறு பிரச்சினையாக இருக்கலாம். உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு முழுசாகத் தேற ஒன்பது மாதம் ஆனது. இன்றும் வாரம் மூன்று நாள், பட்டறையைத் திறந்ததும் முதலில் பாட்டில், அப்புறம்தான் குறடு.