“சார், ஒரு போன் வந்துச்சு”: போலி கம்ப்யூட்டர் சர்வீஸ் அழைப்புகள் – கேள்வி-பதில்

ரிச்சி தெருப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் நான். முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபேன் சத்தம் போடுது என்று வருவார்கள். இப்போது லேப்டாப்பை மேஜை மேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “சார், ஒரு போன் வந்துச்சு” என்று ஆரம்பிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செய்தித் தளம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், “உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்” என்று ஒரு பெண் குரல். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். லேப்டாப் கெட்டுப்போயிருக்குமா?
– வாசகர், நங்கநல்லூர்

கெட்டிருக்காது ஐயா. நீங்கள் செய்தது சரி. அது வைரஸ் இல்லை, ஒரு விளம்பரம் வழியாக வந்த வெறும் வலைப்பக்கம். திரை முழுக்க விரிந்து நிற்பதால் மூட வழியில்லாததுபோல் தெரியும். அடுத்த முறை எஸ்கேப் பட்டனைச் சில நொடி விடாமல் அழுத்துங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரை மூடிவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் அது திருடன் எழுதியது.

மைக்ரோசாஃப்ட் என்று சொல்லிப் பேசினார்கள். நான் ஏமாளி இல்லை, ஆதாரம் கேட்டேன். என் கம்ப்யூட்டரிலேயே நூற்றுக்கணக்கான எரர்களைக் காட்டினார்கள். என் லைசென்ஸ் நம்பரைக்கூட எழுத்து பிசகாமல் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததை எப்படிப் பொய் என்பது?
– வாசகர், மந்தைவெளி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி

பார்த்தது பொய் இல்லை ஐயா. அதற்கு அவர்கள் சொன்ன அர்த்தம்தான் பொய்.

அவர்கள் திறக்கச் சொன்னது ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தன் அன்றாட வேலைகளை எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. ஏதோ ஒரு சர்வீஸ் இரண்டு நொடி தாமதமாகத் தொடங்கினால்கூட அங்கே ஒரு மஞ்சள் முக்கோணமோ சிவப்பு வட்டமோ விழும். நேற்று பெட்டியைப் பிரித்த புது மெஷினிலும் விழும். கடையில் யாராவது இதே கேள்வியோடு வந்தால், விற்பனைக்கு வைத்திருக்கும் மெஷினில் அதைத் திறந்து காட்டுவேன். பத்து வாக்கியம் பேசிப் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

லைசென்ஸ் நம்பர் என்றார்களே, அது இதைவிடத் தந்திரமானது. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையில் ‘அசாக்’ (assoc) என்ற கட்டளையை அடிக்கச் சொல்லியிருப்பார்கள். ஓடும் பட்டியலின் அடியில் 888 என்று தொடங்கும் நீளமான எண் நிற்கும். அதை அவர்கள் படிக்க, நீங்கள் திரையில் சரிபார்க்க, ஒவ்வொரு எழுத்தும் பொருந்தியிருக்கும். ஏன் பொருந்தாது? உலகத்தில் எல்லா விண்டோஸிலும் அதே எண்தான். ‘சென்ட் டு’ மெனுவில் இருக்கும் ஜிப் ஃபோல்டர் வசதிக்கான அடையாள எண் அது. பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரில் அதே கட்டளையை அடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

நீங்கள் ஆதாரம் கேட்டது நியாயமான காரியம். ஆனால் ஆதாரத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதற்கு விளக்கம் சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர்தான். அவரே சாட்சி, அவரே நீதிபதி. போனை வைத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் அந்த ஆதாரம் நின்றிருக்காது. அதனால்தான் அழைப்பைத் துண்டிக்கவே விடமாட்டார்கள்.

ஆன்ட்டிவைரஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்து 4,999 ரூபாய் திருப்பித் தருகிறோம் என்றார்கள். வங்கிப் பக்கத்தைத் திறந்தால் 49,990 வந்திருந்தது! “தப்பா போட்டுட்டேன், என் வேலை போயிடும்மா” என்று அந்தப் பையன் அழுதான். பாவம் பார்த்து மீதியை அனுப்பினேன். வங்கித் தளமே எப்படிப் பொய் காட்டும்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

அம்மா, வங்கித் தளம் பொய் காட்டவில்லை. எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கவிடும் ஒரு செயலி வழியாக அவன் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தான். எந்த வலைப்பக்கத்திலும் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போனால், திரையில் தெரியும் எழுத்தை நாம் விரும்பியபடி மாற்றலாம். மாறுவது உங்கள் திரை மட்டும், வங்கிக் கணக்கில் ஒரு பைசா நகராது. பக்கத்தை ஒரு முறை ரிஃப்ரெஷ் செய்தால் பழைய தொகை திரும்பிவிடும். அதற்கு உங்களுக்கு நேரம் கொடுக்காமல் இருக்கத்தான் அந்த அழுகை. சில சமயம் திரையைக் கருப்பாக்கிவிட்டு இந்த வேலையைச் செய்வார்கள்.

பிறர் பணம் நம்மிடம் தங்கக்கூடாது என்று நினைத்தீர்களே, அந்தக் குணத்தில் ஒரு குறையும் இல்லை. மேற்கொண்டு செய்ய வேண்டியது அடுத்த பதிலில் இருக்கிறது. தயவுசெய்து இன்றே படியுங்கள்.

பணம் போய்விட்டது. ஓ.டி.பி.யும் நானேதான் சொன்னேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. என்ன செய்வது?
– வாசகர், பெரம்பூர்

முதலில் 1930-க்குப் போன் போடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு வேண்டாம், இப்போதே. இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எந்தக் கணக்கிலிருந்து, எந்த நேரம், எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். யு.பி.ஐ. என்றால் அந்தப் பரிவர்த்தனை எண் 12 இலக்கம், வங்கி எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கும். பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை நிறுத்திவைக்க முயல்வார்கள். திருடர்கள் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு மளமளவென்று மாற்றிக்கொண்டே போவார்கள். நீங்கள் கூச்சப்படும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் லாபம்.

அடுத்தது உங்கள் வங்கி. ஓ.டி.பி. சொல்லிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் ரகசிய விவரத்தைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. அதனால் புகார் எண்ணையும், புகார் கொடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள்.

பிறகு மோடத்தை அணைத்துவிடுங்கள். வேறொரு போனிலிருந்து முதலில் இமெயில், அடுத்து வங்கி என்று பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். எனிடெஸ்க் தன் ஃபோல்டரில் ‘கனெக்‌ஷன் டிரேஸ்’ என்று ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கும். எந்த ஐ.டி. எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பது அதில் ஒரு வரியாகப் பதிவாகியிருக்கும். இது தெரியாத காலத்தில் ஒரு அம்மாவின் மெஷினை, நல்லது செய்வதாக நினைத்து, அரை மணி நேரத்தில் துடைத்துக் கொடுத்தேன். போலீஸ் கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. கோப்பையும் அழைப்பு வந்த எண்ணையும் நகலெடுத்த பிறகே ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சில வாரம் கழித்து “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று ஒருவர் பேசலாம். உங்கள் எண் ஏமாந்தவர்கள் பட்டியலில் கைமாறி விற்கப்பட்டிருக்கும். போலீஸும் வங்கியும் பணத்தை மீட்கக் கட்டணம் கேட்பதில்லை.

வீட்டில் சொல்லிவிடுங்கள். அடுத்த போன் வரும்போது நீங்கள் தனியாக இருக்கக்கூடாது.

விண்டோஸ் 10 காலாவதி ஆகிவிட்டது, 6,000 கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகி, அண்ணா நகர்

நிற்காது. சாதாரணமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது என்பது மட்டும் உண்மை. உங்கள் மெஷினுக்குத் தகுதி இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கமே அதைச் சொல்லிவிடும். இதற்காக எந்தக் கம்பெனியும் உங்களைக் கூப்பிடாது.

ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட் வேலை. ‘டெக் சப்போர்ட்’ என்றுதான் எடுத்தார்கள். அமெரிக்காவில் வயதானவர்களிடம் ஈவென்ட் வியூவரைக் காட்டி, கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்ல வேண்டும். நேற்று ஒரு பாட்டி அழுதார். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கம்பெனியிடம் இருக்கிறது. நான் சம்பளக்காரன்தானே, எனக்குப் பிரச்சினை வருமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

வரும் தம்பி. கம்ப்யூட்டர் வழியாக வேறொருவர்போல் நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். போனில் பேசியது உங்கள் குரல். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்று பல மாநிலங்களில் சோதனை போட்டபோது, இதே மாதிரி கால் சென்டர்களும் சிக்கின.

சர்ட்டிஃபிகேட்டுக்காக அங்கே தங்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தால் நகல் சான்றிதழ் கிடைக்கும். வேலைக் கடிதம், சம்பளம் வந்த வங்கிப் பதிவு, மேலதிகாரி அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். போலீஸுக்குப் போகும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100-ல் கேட்கலாம். பிறகு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டி அழுதது உங்களை உறுத்தியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு கம்பெனி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தால் ஏறாதீர்கள்.