குழல் முனையை வெட்டிய பிறகு பெலட் சிதறுவது ஏன்?

தம்பி, உப்புவெளிக் கடற்காற்றில் துருவேறிய முனையை 5 சென்ரிமீற்றர் வெட்டிய பிறகுதான் உங்கள் 4.5 மில்லிமீற்றர் எயார் ரைபிளில் பெலட்கள் (சின்ன ஈயக் குண்டுகள்) 25 மீற்றரில் ஒரே இடத்தில் படாமல் சிதறுகின்றன என்கிறீர்கள். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தொடாதீர்கள். அநேகமாக, வெட்டுப்பட்டது சோக். அது குழலின் கடைசிச் சில சென்ரிமீற்றரில், மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்கு மட்டுமே இருக்கும் ஒடுக்கம். சின்ன வித்தியாசமுள்ள பெலட்களையும் ஒரே அளவாக்கி, ஆட்டமில்லாமல் வெளியே விடுவது அதுதான்.

குழலைக் கழற்றி, பின்பக்கத்தால் ஒரு பெலட்டைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முனைக்குக் கிட்ட இறுகினால் சோக் மிச்சம் இருக்கிறது. ஒரே சீராகப் போனால் இல்லை. இடையிலேயே தளர்ந்து கடைசிவரை தளர்வாகவே போனால் அந்தக் குழலோடு மினக்கெட வேண்டாம், மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம், வெட்டிய வாய். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு வெளியே இழுங்கள்; பஞ்சு நூல் சிக்கும் இடத்தில் உலோகப் பிசிர் நிற்கிறது. உருண்டைத் தலைப் பித்தளை ஸ்குரூவில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (உலோகம் தேய்க்கும் பசை) பூசி, கைத்துரப்பணத்தில் மெதுவாகச் சுழற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துத் தேயுங்கள். உள்ளே பேஸ்ட் போகாமல் முதலில் துணி அடையுங்கள்.

சோக் இல்லாத குழலும் நேராகச் சுடும், ஆனால் பெலட்டில் கறார் பார்க்கும். 4.50, 4.51, 4.52 மில்லிமீற்றர் தலையளவுள்ள பெலட்களை வாங்கித் தனித்தனியே சுட்டுப் பாருங்கள்.