கொடைக்கானல் உயரத்தில் ஐந்து நிமிடக் குளியல்

கேள்வி: மகளைப் பார்க்க மனைவியோடு துபாய் வழியாக நியூயார்க் போகிறோம். ஓய்வுபெற்றபோது வந்த பணம் கொஞ்சம் இருக்கிறது. நான் ஒரே ஒரு தடவை முதல் வகுப்பில் பறந்து பார்த்தால் என்ன? மகன் வீண் செலவு என்கிறான்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பணம், உங்கள் ஆசை; மகனிடம் ஏன் கேட்டீர்கள்? தாராளமாகப் போங்கள். ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு என்றால் வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போல, அதாவது கிட்டத்தட்ட கொடைக்கானல். காற்றும் வறண்டு கிடக்கும், நாக்கில் உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும். மீன் முட்டையும் ஷாம்பெயினும் கொண்டுவந்து வைத்தாலும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நாக்கு ஒன்றுதான். (வீட்டுப் புளிக்காய்ச்சல் அங்கே தோற்காது என்பது என் கட்சி.)

குளியல்? துபாய் வழியாகப் போகும் உங்களுக்கு அது எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தில் மட்டும்தான், சென்னை–துபாய் நான்கு மணி நேரத்தில் எதிர்பார்க்காதீர்கள். துபாயிலிருந்து நியூயார்க் போகும் 14 மணி நேரத்தில் கிடைக்கும். முதல் வகுப்பில் உள்ள 14 பேருக்கு 2 குளியலறை, வெந்நீர் ஆளுக்கு 5 நிமிடம். சோப்பு போடும்போது நிறுத்திக்கொள்ளலாம். கோடையில் நம் தெருக்குழாயிலேயே இதைவிட அதிக நேரம் தண்ணீர் வரும், சரி, அது முப்பதாயிரம் அடிக்கு மேல் வராது, ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் அந்த டிக்கெட்டில் விற்பது தூக்கம். கதவைச் சாத்திக்கொண்டு பைஜாமாவில் நீட்டிப் படுத்துவிடலாம். ஆனால் இத்தனை லட்சம் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்குவீர்களா? ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால் போகும்போது மட்டும், துபாயில் காலையில் கிளம்பும் விமானமாகப் பார்த்து எடுங்கள். திரும்பும்போது இராப்பயணம், அதற்கு பிசினஸ் வகுப்பு போதும், அங்கேயும் இருக்கை கட்டிலாகிறது. உலகிலேயே நீளமான சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தில், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தும், முதல் வகுப்பே கிடையாது.

அப்புறம் ஒன்று. கேள்வியில் 'போகிறோம்' என்று ஆரம்பித்துவிட்டு, முதல் வகுப்பு வந்ததும் 'நான்' ஆகிவிட்டீர்கள். நடுவில் இரண்டிரண்டாக வரும் இருக்கைகளுக்கு இடையே உள்ள தடுப்பை இறக்கிவிடலாம். இரண்டு டிக்கெட்டாக எடுங்கள் ஐயா, இல்லையென்றால் மகன் சொல்வதையே கேளுங்கள்.