வீட்டுக்குள் வேப், வெளியே சிகரெட்: ஏன் இரண்டும்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். என் கணவருக்கு 38 வயது. சிகரெட்டை விடுவதற்காகத்தான் போன வருடம் வேப் (நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்) வாங்கினார். இப்போது இரண்டும் ஓடுகிறது. காலை டீயோடு சிகரெட் கட்டாயம் வேண்டும். “ஒரு பாக்கெட் பிடித்தவன், இப்போது நாலைந்துதானே?” என்கிறார். இது சரிதானா?

பதில்: உங்கள் கணவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கும். நாற்றம் அடிக்கக் கூடாத இடத்தில் வேப். உடம்பு கேட்கிற நேரத்தில் சிகரெட்.

காலையில்தான் உடம்பு அதிகம் கேட்கும். ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். விடியும்போது கிட்டத்தட்ட வற்றிவிடும். சிகரெட்டை இழுத்தால் 10, 20 விநாடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பல வேப்புகள், அதிலும் நிக்கோட்டின் குறைந்த திரவம் ஊற்றியவை, அந்த அளவுக்கு ஈடு கொடுப்பதில்லை. பிரிட்டனில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை விற்கலாம். ஆனால் “குறைவாக இருந்தால் நல்லதுதானே” என்று பலர் 3, 6 என்று வாங்குகிறார்கள். போதாததை சிகரெட்டில் தீர்த்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் மாட்டிக்கொள்வதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. டீ, வேலை இடைவேளை, கூடப் பிடிக்கும் நண்பர்கள் எல்லாம் அப்புறம்தான்.

நாலைந்துதானே என்பதற்கு வருவோம். நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் குறைத்ததற்குப் பலன் உண்டு. இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. போதாததற்கு, எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றையும் ஆழமாக, பஞ்சு வரை இழுப்பார்கள்.

அதற்காக வேப்பைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். முதலில் போக வேண்டியது சிகரெட். வேப் தீங்கே இல்லாதது அல்ல, ஆனால் அதில் எரிதல் இல்லை; தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் வருபவை. திரவத்தின் நிக்கோட்டின் அளவை ஏற்றுவது பற்றியும், காலைத் தவிப்புக்கு 24 மணி நேர நிக்கோட்டின் பேட்ச்சைத் தோலில் ஒட்டுவது பற்றியும் உங்கள் பகுதியின் புகை நிறுத்த சேவையில் கேளுங்கள். இலவசம்தான். பேட்ச்சும் வேப்பும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அங்கே ஒரு சின்னக் கருவியில் மூச்சை ஊதச் சொல்வார்கள். கார்பன் மோனாக்சைடு அளவு எண்ணாக வரும். சிகரெட்டை முழுதாக நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே அந்த எண் இறங்கிவிடும். நாம் சொல்லிக் கேட்காதவர்கள்கூட அந்த எண்ணைப் பார்த்தால் யோசிப்பார்கள்.

சிகரெட் நின்று சில மாதங்கள் ஆன பிறகு திரவத்தின் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். அவசரம் வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் திரவப் புட்டியைப் பூட்டி வையுங்கள், விழுங்கினால் விஷம்.

ஒன்று கூடுதலாக: ஊருக்கு வரும்போது வேப்பை எடுத்து வராதீர்கள். 2019 சட்டப்படி இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவருவது குற்றம். பெட்டியில் பேட்ச்சும் நிக்கோட்டின் சூயிங்கமும் இருக்கட்டும். இல்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் தேடுவது பெட்டிக்கடையாகத்தான் இருக்கும்.