புதிய வண்டி கேட்பதற்கு முன்

சேலம்–விருத்தாசலம் பாசஞ்சர் வண்டிகள் குறித்து வந்த கேள்விகளுக்கு, ரயில் இயக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நமது உறுப்பினர் பதிலளிக்கிறார்.

ஆத்தூர் மாணவி: ஐயா, மின்பாதை வந்த பிறகும் வண்டி நின்று நின்றுதான் வருகிறது. ஏன்?

கம்பி போட்டால் ஒற்றைப் பாதை இரட்டைப் பாதையாகிவிடாது, அம்மா. சுமார் 140 கி.மீ. நீளமுள்ள தடம் இது. எதிரே வண்டி வந்தால் ஒன்று லூப் லைனில், அதாவது நிலையத்தில் பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடத்தில், ஒதுங்கியே தீர வேண்டும்; எதிரே வருவது எக்ஸ்பிரஸ் என்றால் ஒதுங்குவது பாசஞ்சர்தான். தடம் மாற்றிவிடும் பாயின்ட் பழைய வகையாக உள்ள லூப்பில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில்தான் நுழைய முடியும். 700 மீட்டர் லூப்பைக் கடக்க அந்த வேகத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். 30 கி.மீ. தாங்கும் பாயின்ட் இருந்தால் அதில் பாதி. ஒன்றரை நிமிடம்தானே என்று தோன்றும். வழியில் நான்கைந்து கிராஸிங் (எதிர் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவது) விழுந்தால் தெரியும் அதன் அருமை.

வாழப்பாடி வியாபாரி: சேலம் டவுன் ஸ்டேஷன் வரை ஒழுங்காக வரும் வண்டி, சேலம் ஜங்ஷனுக்குள் நுழைய மட்டும் ஏன் இழுக்கிறது?

நடைமேடை காலியில்லாதது பாதிக் காரணம். மீதி, கால அட்டவணையின் சாமர்த்தியம். தாமதத்தை ஈடுகட்டும் உபரி நிமிடங்களைக் கடைசிப் பகுதியில் குவித்து வைப்பார்கள். வழியெல்லாம் தாமதமாக வந்த வண்டியும் முடிவில் 'சரியான நேரம்' என்று கணக்கில் ஏறிவிடும். வாழப்பாடியில் காத்திருந்தவருக்கு அதனால் என்ன லாபம்? அந்த நிமிடங்களை வழிநெடுகப் பிரித்துப் போட வேண்டும் என்பது என் கட்சி.

சூரமங்கலம் வாசகர்: மெமு வந்தால் என்ன மாறும் சார்?

நிறைய மாறும். மெமு என்பது தனி எஞ்சின் இல்லாமல், பெட்டிகளிலேயே மோட்டார் உள்ள மின்சார ரயில். எஞ்சின் பூட்டிய வண்டி ஜங்ஷனில் திரும்ப வேண்டுமானால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய், மாட்டி, பிரேக் அழுத்தம் சரிபார்க்க வேண்டும். இருபது நிமிடமாவது போகும். அதுவரை ஒரு நடைமேடையும் முடங்கும். மெமுவில் இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. லோகோ பைலட் பையைத் தூக்கிக்கொண்டு நடைமேடையோடு மறுமுனைக்குப் போனால் வேலை முடிந்தது. நின்று கிளம்பும்போதும் வேகம் சட்டென்று பிடிக்கும். அடிக்கடி நிறுத்தம் உள்ள தடத்தில் உச்ச வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

சின்னசேலம் பயணி: கட்டணம் மறுபடி 30 ரூபாய் ஆகுமா?

ஜோசியம் எனக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் 30 ஆன குறைந்தபட்சக் கட்டணம் 2024இல் பழையபடி 10 ஆனது.

ஏற்காடு அன்பர்: எங்கள் மலைக்கு ரயில் வராதா?

வராது என்றே சொல்வேன். சேலத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நம் சேலம் கோட்டத்திலேயே உள்ள நீலகிரி ரயில், பல்சக்கரத்தின் துணையோடு ஊர்ந்துதான் ஏறுகிறது. கீழே ஜங்ஷனில் வண்டி வரும் நேரத்தை ஒட்டி ஏற்காடு பஸ்ஸை விடச் சொல்லுங்கள், செலவில்லாத காரியம்.

அயோத்தியாபட்டணம் இளைஞர்: கோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம் அண்ணா. என்ன எழுதலாம்?

'புதிய ரயில் வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'ரேக் இல்லை', அதாவது ஓட்டப் பெட்டித் தொடர் இல்லை, என்று ஒரே வரியில் பதில் வரும். எந்த ரேக் ஜங்ஷனில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சும்மா நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து, அதே ரேக்கை ஆத்தூர் வரை ஒருமுறை போய்வரச் செய்யக் கேளுங்கள். எந்த நிலையத்தில் கிராஸிங் வைக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் ரேக்குக்குப் பராமரிப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள்.