வெயில் காலத்துல புது பைக்க 40லயே உருட்டணுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு நாகர்கோவில் பக்கம், 160 சிசி ஏர் கூல்டு வண்டி, ஓடினது வெறும் 90 கிலோமீட்டர், இப்பம் ஏப்ரல் மாசம். ஷோரூம்ல 1000 கிலோமீட்டர் வரைக்கும் 40க்கு மேல போகாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம், மாமா என்னடான்னா ஆரம்பத்துலயே முறுக்கி ஓட்டுனாதான் வண்டி ஃப்ரீ ஆகும்ங்கறாராம், வெயிலு வேற இந்தப் போடு போடுது, யாரு பேச்ச கேக்கன்னு கேட்டிருக்காரு.

ரெண்டு பேரு பேச்சையும் கேக்காதீங்க தம்பி. ஷோரூம்காரர் சொன்ன மாதிரியே ஓட்டி கை சுட்டவன் நான், அதனால அந்தக் கதைய முதல்ல சொல்லிர்றேன்.

என் முதல் பைக் 2011ல எடுத்தது, அதுவும் இதே ஏப்ரல்ல. எனக்கும் அதே 40 தான் சொன்னாங்க (எந்த ஷோரூம்னு கேக்காதீங்க, இப்பம் அது அங்க இல்ல). அப்பம் எனக்கு வேலை மார்த்தாண்டத்துல, வீடு பார்வதிபுரம் பக்கம், போக வர அறுபது கிலோமீட்டர் சொச்சம். மத்தியான ஷிஃப்ட். அதாவது உச்சி வெயில்ல பன்னெண்டரை மணிக்கு கிளம்பி, தக்கலைல ஒரு நெரிசல், அழகியமண்டபத்துல ஒரு நெரிசல், மார்த்தாண்டம் ஜங்ஷன்ல பெரிய நெரிசல், அன்னைக்கு மேம்பாலமும் கிடையாது, பஸ்ஸுக்குப் பின்னாடி புகைய குடிச்சுட்டு நிக்கணும். ரோடு கிடைக்குற இடத்துல 40ல டாப் கியர், வண்டி ஏத்தத்துல கொறகொறன்னு அடிச்சுக்கிட்டு கெஞ்சும், நான் கியர குறைக்க மாட்டேன், ஏன்னா குறைச்சா ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுத்துற வேகம், ஏறும், ஏறுனா எஞ்சின் கெட்டுப்போகும்னு ஒரு பயம். பச்சப்புள்ளைய தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு மாசம் ஓட்டுனேன்.

12,000 கிலோமீட்டர் ஆனப்போ வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சுட்டு. மாசத்துக்கு ஒருக்கா டாப் அப். காலைல ஸ்டார்ட் பண்ணுனா சைலன்சர்ல நீலப் புகை. தோட்டியோடு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கொண்டுபோனேன், அவரு பிளாக்க (பிஸ்டன் ஓடுற சிலிண்டர) கழட்டி, துணியால நல்லா துடைச்சு, வெளிச்சத்துல பிடிச்சு, "இங்கன பெருவிரல் நகத்த வச்சு தேச்சுப் பாரும்"னாரு. தேச்சேன், ஒண்ணுமே தட்டுப்படல. எவர்சில்வர் தட்டு மாதிரி வழவழன்னு இருக்கு. பொறவு அலமாரில இருந்து ஒரு புது பிளாக்க எடுத்து அதுலயும் நகத்த வைக்கச் சொன்னாரு. அதுல சொரசொரன்னு பொடிக் கோடு, குறுக்கும் மறுக்குமா பின்னல் போட்ட மாதிரி, கண்ணுக்கே தெரியுது. "உமக்கு இந்தக் கோடு வேலை செய்யுறதுக்கு முன்னாடியே மினுங்கிப்போச்சு"ன்னாரு. அந்த 40 ஸ்பீடு ஓட்டம் மட்டும்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அவரு சொன்ன விளக்கத்துக்கும் நான் ஓட்டுன லட்சணத்துக்கும் பொருத்தம் பத்துக்குப் பத்து.

விஷயம் இதுதான். புது சிலிண்டர் சுவத்துல வேணும்னேதான் அந்தக் கோட்ட போட்டு விடுறாங்க, அதுல ஆயில் தங்கும், அதோட முனைங்க பிஸ்டன் ரிங்க கொஞ்சம் கொஞ்சமா தேச்சு தனக்கு ஏத்த மாதிரி உக்கார வைக்கும். ரிங் சுவத்தோட ஒட்டணும்னா அத யாராவது அமுக்கணும்ல, ரிங்கோட சொந்த விறைப்பு கொஞ்சம்தான், உள்ள எரியுற கேஸ் ரிங்குக்குப் பின்னால போய் வெளிய தள்ளுதே, அதுதான் முக்கியமான அமுக்கல். த்ராட்டில (ஆக்சிலேட்டர) தொடாம உருட்டுனா அந்த அமுக்கல் கிடைக்காது, கேஸ் ரிங்க தாண்டி கீழ இறங்கும், ஆயில் அங்கயே வெந்து சுவத்துல வார்னிஷ் அடிச்ச மாதிரி படியும், கோடு நிரம்பிப்போகும். பொறவு என்ன செஞ்சாலும் ரிங் உக்காராது, கழட்டி ஹோனிங் போடணும், அதாவது அந்தக் கோட்ட புதுசா கீறணும். நான் போட்டேன், ரிங் செட்டோட சேத்து.

அப்பம் மாமா சொல்றது சரியான்னா அதுவும் இல்ல. புது எஞ்சின்ல உராய்வு ஜாஸ்தி, அதனால ஓடி செட் ஆன எஞ்சின விட சூடும் ஜாஸ்தி. அந்த சூட்டுல எடுத்த எடுப்புல ரெட்லைன் (எஞ்சின் சுத்தலாம்ங்கற உச்ச எல்லை) வரைக்கும் முறுக்குனா ஆயில் படலம் கிழிஞ்சு மெட்டல் மெட்டலோட உரசும், பிஸ்டன்ல கீறல் விழும். மாமா சொல்ற காலத்து டூ ஸ்ட்ரோக் வண்டிங்களே இந்த விஷயத்துல பாவம், பிஸ்டன் பிடிச்சு நடுரோட்டுல நின்ன கதை அவருகிட்டயே ரெண்டு மூணு இருக்கும், கேட்டுப் பாருங்க.

வெயில் எங்க வருதுன்னா, நீங்க நினைக்குற இடத்துல வரல. நம்ம மாவட்டத்துல வேலூர், மதுரை மாதிரி 40 டிகிரியெல்லாம் அபூர்வம், நமக்கு அவிச்சல்தான் ஜாஸ்தி, சட்டை முதுகுல ஒட்டும். ஓடுற எஞ்சினோட சிலிண்டர் ஹெட் நூறு டிகிரிய தாண்டி எங்கயோ நிக்குது, அதுக்கு வெளிய 28 டிகிரியா 35ஆங்கறது பெரிய வித்தியாசம் இல்ல. பெரிய வித்தியாசம் காத்து ஓடுதா ஓடலயாங்கறதுதான். ஏர் கூல்டு வண்டிக்கு ஃபின்னுல (எஞ்சின சுத்தி வரிவரியா இருக்குற தகடுல) அடிக்குற காத்த விட்டா வேற கதி கிடையாது, கூட ஆயில் கொஞ்சம் சூட்ட எடுக்கும், அவ்வளவுதான். அதனால காலைல ஆறு மணிக்கு 60ல போற புது வண்டி, மத்தியானம் மார்த்தாண்டம் நெரிசல்ல ஐடில்ல நிக்குற புது வண்டிய விட நிம்மதியா இருக்கும். சிக்னல்லயோ ரயில்வே கேட்டுலயோ அர நிமிஷத்துக்கு மேல நிக்கணும்னா ஆஃப் பண்ணிருங்க.

2019ல இப்பம் வச்சிருக்குற வண்டிய எடுத்தப்போ மே மாசம், இன்னும் மோசம். அந்தத் தடவை நான் ஆபீசுக்கு பழைய ஸ்கூட்டர்லயும் பஸ்சுலயும் போயிட்டு, புது வண்டிய விடியக்காலம் மட்டும்தான் எடுத்தேன். நேரம் வெளுக்குறதுக்கு முன்னாடி அஞ்சே காலுக்கு இறங்குவேன். ஸ்டார்ட் பண்ணி ஒரு அர நிமிஷம் போதும், நம்ம ஊரு சூட்டுல ஆயில் ஏற்கனவே இளகித்தான் இருக்கு, அஞ்சு நிமிஷம் ஸ்டாண்டுல போட்டு உறும விடுறது வேஸ்ட்டு, அது கெடுதலும்கூட. முதல் மூணு நாலு கிலோமீட்டர் மெதுவா. தோவாளைல பூ மார்க்கெட் நேரம், வண்டியும் ஆளும் ரோட்டுல நிக்கும், அங்க எப்படியும் மெதுவாத்தான் போகணும், எஞ்சின் சூடாகுறதுக்கும் சரியா இருக்கும். பூ வாசத்த தாண்டி ஆரல்வாய்மொழி வந்துட்டா ரோடு உங்களுது. அங்க இருந்து முப்பந்தல் காத்தாடிங்களுக்கு நடுவுல காவல்கிணறு வரைக்கும் போயிட்டு திரும்புவேன்.

ஓட்டுன முறை: முதல் 500 கிலோமீட்டர் ரெட்லைன்ல பாதி ஆர்பிஎம்முக்கு மேல போகல, அதுக்கப்புறம் ஆயிரம் வரைக்கும் முக்காலுக்குள்ள. உங்க மேனுவல்ல வேற நம்பர் போட்டிருந்தா அதுதான் சட்டம். அந்த எல்லைக்குள்ள ஒரே ஸ்பீடுல நிக்காம, மூணாவது கியர்ல த்ராட்டில பாதி வரைக்கும் நல்லா குடுத்து ஏத்துறது, பொறவு மூடிட்டு எஞ்சின் தானா இழுத்துப் பிடிக்க விடுறது, மறுபடி ஏத்துறது. கியர மாத்திக்கிட்டே இருக்குறது. இருபது நிமிஷம் ஓட்டுனா ஒரு சாயா குடிக்குற நேரம் நிப்பாட்டுறது. ஸ்பீடோமீட்டர பாக்கவே பாக்காதீங்க, டேக்கோவ (ஆர்பிஎம் காட்டுற மீட்டர) பாருங்க, அது இல்லாத வண்டின்னா காத வச்சு கேளுங்க, கொறகொறன்னா கியர குறைங்க, கத்துனா கூட்டுங்க.

ஆரல்வாய்மொழி ரூட்டுல ஒரு சமாச்சாரம், காத்து சீசன் தொடங்கிட்டா, அதாவது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், அங்க புது வண்டி வேண்டாம். காத்து மேக்க இருந்து அடிக்கும். காவல்கிணறு நோக்கிப் போறப்போ முதுகுல தள்ளும், சொகமா இருக்கும், ஆனா எஞ்சினுக்கு எதிர்க்காத்தே கிடைக்காது. திரும்பி வர்றப்போ மூஞ்சில அறையும், டாப் கியர்ல வண்டி இழுக்காது, பக்கவாட்டுல வேற தூக்கும். அந்த மாசங்கள்ல தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் வழியா பேச்சிப்பாறை போங்க. ஏத்தம் இறக்கம் மாறி மாறி வரும், ரப்பர் மர நிழல், ரிங்குக்கு இத விட நல்ல ரோடு நம்ம மாவட்டத்துல இல்ல. மழை பெஞ்சு நனஞ்சிருந்தா மட்டும் பைய போங்க, புது டயர் மேல்தோல் வழவழப்பா இருக்கும், ஒரு 150 கிலோமீட்டர் தேயுற வரைக்கும் வளைவுல சாய்க்காதீங்க. மணக்குடி, ராஜாக்கமங்கலம் கடற்கரை ரோடு பாக்க கொள்ளாம், ஆனா உப்புக்காத்தும் மணலும் செயின்ல ஒட்டும். போனா வந்து துடைச்சு செயின் லூப் (செயினுக்குப் போடுற எண்ணெய்) போடுங்க. புது செயின் முதல் 500க்குள்ள தொங்கும், அதையும் ஒருக்கா பாத்துக்கிடுங்க.

முதல் ஆயில் மாத்துறத மட்டும் தள்ளிப்போடவே செய்யாதீங்க. கம்பெனிக்கு கம்பெனி 500, 750, 1000ன்னு மாறும், நாள் கணக்கும் இருக்கும், எது முதல்ல வருதோ அப்பம் போயிரணும். நான் சர்வீஸ் நடக்குற இடத்துல பக்கத்துலயே நின்னேன். ட்ரேல விழுந்த ஆயில் கருப்பு கூட ஆகல, ஆனா வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பட்டுச்சேலை ஜரிகைய பொடிச்சுத் தூவுன மாதிரி ஒரு மினுமினுப்பு. அவ்வளவும் உள்ள தேஞ்சு வந்த மெட்டல் பொடி. அதோட இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுனா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிடுங்க. வெயிலுக்கு கெட்டியான ஆயில் போடுங்கன்னு 20டபிள்யூ-50 டப்பாவ நீட்டுவாங்க, மேனுவல்ல 10டபிள்யூ-30ன்னு இருந்தா அதையே கேளுங்க, வாரண்டி இருக்குற வண்டில பரிசோதனை வேண்டாம். கார் ஆயில தொடவே தொடாதீங்க, பைக்ல கிளட்ச் அதே ஆயில்லதான் முங்கிக் கிடக்குது, சிலது போட்டா வழுக்கும். டப்பால ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு (பைக் ஆயிலுக்கான தரக் குறி) இருக்கணும்.

அப்புறம் பூஜை. நாகராஜா கோயிலோ கோட்டார் சவேரியார் கோயிலோ, எங்க கொண்டுபோனாலும் சரி, மால போடுறவங்க முன்னாடி தொங்க விடுவாங்க. வீட்டுக்கு வந்ததும் கழட்டிருங்க. என் மச்சினன் நாலு நாளு கழட்டல, வாடுன பூவும் வாழ நாரும் ஃபின்னுக்குள்ள போய் ஒட்டி கருகி, ஏதோ ஒயர் எரியுதுன்னு பதறிட்டு போன் பண்ணுனான். சூட்டோட தண்ணி ஊத்தி கழுவுறதும் வேண்டாம், எஞ்சின் கை வைக்குற அளவுக்கு ஆறட்டும்.

டாங்க்க கழுத்து வரைக்கும் நிரப்பிட்டு வெயில்ல நிறுத்தாதீங்க. காலைல போட்ட 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறுனா ஒரு டீ கிளாஸ் அளவுக்கு விரியும், இடம் இல்லேன்னா வழிஞ்சு புது பெயிண்டுல கோடு போடும். எனக்கு போட்டுச்சு, இன்னும் இருக்கு.