இறங்கிய அன்றே யுனிவர்சலா? வேண்டாம்!

கேள்வி: மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 9 வயது மகன், 5 வயது மகள், 67 வயது மாமியார். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. மகனுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா ஒன்றுதான் குறி. ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி திருச்சியிலிருந்து நள்ளிரவு விமானம், காலையில் இறங்கியதும் நேராக யுனிவர்சல், அடுத்த இரண்டு நாள் ஊர் சுற்றல். மகளுக்குக் காது வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது. அத்தை அந்தப் பார்க்கில் நாள் முழுக்க என்ன செய்வார்? வரிசையில் காத்திருக்காமல் ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ் அவசியமா? கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?
- ஒரு வாசகி, துறையூர்

பதில்: முதல் வேலையாக ஏஜென்டைக் கூப்பிட்டு, யுனிவர்சலை இரண்டாம் நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். நள்ளிரவு விமானம் என்றால் இரவு 9 மணிக்குத் திருச்சி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். துறையூரிலிருந்து 7, ஏழரைக்கே வண்டி ஏற வேண்டும். பறக்கும் நேரம் நாலு மணிக்குச் சற்று மேல். ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, ஜன்னல் சண்டை தீர்ந்து, விளக்கை அணைத்த பிறகு பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 7 மணி என்றால் உங்கள் மகளின் உடம்புக்கு விடியற்காலை நாலரை. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, டாக்ஸி எல்லாம் முடிந்து வெயிலில் பார்க் வாசலுக்குப் போய் நின்றால், மதியம் ஒரு மணிக்கு அவள் அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள். ஐந்து பேர் டிக்கெட் பணம் அந்தத் தோளோடு போயிற்று.

ஏஜென்ட் ஏன் அப்படிப் போடுகிறார் தெரியுமா? பெரும்பாலான ஹோட்டல்களில் அறை கிடைப்பது பிற்பகல் 2, 3 மணிக்குத்தான். காலை 8 மணிக்கு இறங்கிய கூட்டத்தை அதுவரை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இடைவெளியைத்தான் உங்கள் மகனின் கனவால் நிரப்புகிறார்.

முதல் நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு லிட்டில் இந்தியா போங்கள். சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் இட்லி, தோசை சாப்பிடலாம். அத்தைக்கு வெளிநாட்டில் இறங்கிய படபடப்பு அங்கேயே பாதி போய்விடும். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளுள் ஒன்று, அறிவிப்புப் பலகைகளிலேயே படித்துக்கொள்வார். அறை கிடைத்ததும் எல்லோரும் தூங்குங்கள். எழுந்து, மாலையில் கார்டன்ஸ் பை தி பே பூங்கா. அங்கே மரம்போல் நிற்கும் ராட்சதக் கோபுரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சிக்குக் கட்டணம் கிடையாது. தரையில் படுத்துக்கொண்டே பார்க்கலாம், பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

மே மாதம் நல்ல தேர்வு. ஆனால் முதல் பாதியிலேயே போய்விடுங்கள். அங்கே பள்ளிகளுக்கு நீண்ட நடுவருட விடுமுறை மே கடைசியில்தான் தொடங்குகிறது, ஜூன் முழுக்க ஓடுகிறது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையாகவும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும் இருக்கிற இந்தச் சில வாரங்கள் துறையூர்க்காரர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதிலும் செவ்வாய், புதன் மாதிரி வார நடுநாளாகப் பாருங்கள். மே 1 அங்கேயும் விடுமுறை. விசாக தினமும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். அந்த இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இதெல்லாம் சரியாக அமைந்தால் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவைப்படாது. அது தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட்டுக்கு மேல் தனிச் செலவு. உங்கள் மகளும் அத்தையும் ஏறப்போகும் ரைடுகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும், அவர்களுக்கும் சேர்த்து அதை வாங்குவது வீண்.

இனி, டிக்கெட் எடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது. ஐந்து பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து வைத்துப் பெயர்களைப் படியுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் வரும் இனிஷியல்தான் விமான நிலையக் கவுன்ட்டரில் அதிகம் வழக்கு வைப்பது. ஆதாரில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அத்தையுடையதில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கலாம். டிக்கெட்டில் இருப்பது பாஸ்போர்ட்டில் இருப்பதேதான், எழுத்துக்கு எழுத்து. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டு, பணம் கட்டும் முன் முடிவு செய்யுங்கள். பிறகு திருத்தப் போனால் புது டிக்கெட் விலை கேட்பார்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தால் காலாவதித் தேதியையும் பாருங்கள். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 5 வருடம்தான் தருகிறார்கள், எடுத்ததே மறந்துபோய் முடிந்திருக்கும். பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மீதி வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா அவசியம். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு விண்ணப்பித்தால் மின்விசாவாக வரும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. விசாவைத் தவிர வருகை அட்டை என்று ஒன்று உண்டு. சேருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

காது விஷயத்துக்கு வருகிறேன். விமானம் எவ்வளவு உயரம் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஊட்டியே 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்குவதை அரை மணியில் செய்தால் எப்படியிருக்கும், அவ்வளவுதான். ஏறும்போது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வலி வருவது இறங்கும்போது. காதின் உட்புறத்தையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாக இருப்பதால் சீக்கிரம் திறக்காது. விழுங்கினால் திறக்கும். அதனால் தரையிறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் மகளை எழுப்பிவிடுங்கள், எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும் சரி. கையில் புளிப்பு மிட்டாயும் தண்ணீரும் கொடுத்து மெல்ல மெல்ல விழுங்க வையுங்கள். சூயிங்கம் கொடுக்கலாமே என்பார்கள், அதை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சளி, காது வலி இருந்தால் மட்டும் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பட்ஜெட் விமானங்களில் அடிப்படைக் கட்டணத்தில் பெட்டி, சாப்பாடு, இருக்கைத் தேர்வு எதுவும் சேராமல் இருக்கலாம். இருக்கைக்கு மட்டும் யோசிக்காமல் பணம் கட்டுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் உங்களை ஐந்து இடத்தில் உட்காரவைக்கும். அத்தைக்கு நடைபாதை ஓர இருக்கை, கழிவறைக்கு எழுந்துபோக யாரையும் தாண்ட வேண்டாம். ஜன்னல் போகும்போது ஒரு பிள்ளைக்கு, வரும்போது மற்றதற்கு. இதை வீட்டிலேயே சீட்டுக் குலுக்கி முடித்துவிடுங்கள். அத்தைக்கு முழங்கால் வலி உண்டென்றால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதியலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நடக்கிற தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 20,000 எம்ஏஎச் வரை கவலை இல்லை. ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதில் போனைச் சார்ஜ் செய்யக் கூடாது. அத்தையின் மாத்திரைகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் ஒரு வார்த்தை: மெல்லும் புகையிலைக்கு அங்கே முழுத் தடை. சுருக்குப் பையைக் கிளம்பும் முன் ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.

கட்டுச்சோறு தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் திருச்சி விமான நிலையத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். புளியோதரை, இட்லி போன்றவை சோதனையில் தாண்டும். தயிர், சாம்பார், ஊறுகாய், நெய் எல்லாம் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். விமானத்துக்குள் வெளிச் சாப்பாட்டைப் பிரிக்க விடாத நிறுவனங்களும் உண்டு. கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர் போனபின் எம்ஆர்டி ரயிலில் கடலைமிட்டாயைக்கூட வாயில் போடக் கூடாது, 500 டாலர் வரை அபராதம் இருக்கிறது. யுனிவர்சல் உள்ளேயும் வெளிச் சாப்பாடு கூடாது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளலாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கிற ஊர் அது.

பார்க்குக்குக் கிளம்பும் முன் வீட்டுக் கதவு நிலையில் இரண்டு பிள்ளைகளையும் வெறுங்காலோடு நிறுத்தி உயரத்தை அளந்து கோடு போடுங்கள். அங்கே ரைடு ஏற எல்லாமே உயரம்தான், வயது யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்றோடொன்று மோதுவதுபோல் பாயும் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேண்டும். மம்மி என்ற ரைடுக்கு 122. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, கூடப் பெரியவர் இருக்க வேண்டும். உங்கள் மகன் 125க்கு ஒரு விரற்கடை குறைவாக இருந்து, ஒரு மாதமாக யூடியூபில் அந்த ரைடையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றால், வரிசை வாசலில் அளவுகோலின் முன் நடக்கப்போவதை நினைத்துப் பாருங்கள். அந்த அழுகையைத் துறையூரிலேயே அழுது முடிப்பது நல்லது. மம்மி இருட்டில் ஓடும், நடுவில் பின்னோக்கியும் ஓடும். உயரம் சரியாக இருந்தாலும் அவன் சுபாவம் தெரிந்து ஏற்றுங்கள்.

யுனிவர்சல் இருக்கும் செந்தோசா தீவுக்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கி, விவோசிட்டி மாலிலிருந்து குட்டி ரயிலில் போகலாம். பாலத்தில் நடந்தும் போகலாம், அதற்குக் காசில்லை. கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் வரிசை குறைவு. வாசலில் இருக்கும் உலக உருண்டை முன்னால் போட்டோ எடுப்பதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். 2025ல் திறந்த மினியன் லேண்டுக்குத்தான் இப்போது கூட்டம், அங்கே முதலில் போங்கள். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ். உச்சி வெயிலில் குளிர்சாதனம் உள்ள ரைடுகள். ஜுராசிக் பார்க் படகில் தொப்பலாக நனைவீர்கள், ஆளுக்கொரு மாற்றுச் சட்டையும் இங்கே வாங்கிய மழைக்கோட்டும் இருக்கட்டும். பிற்பகலில் இடி மின்னலோடு மழை வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனாலும்தான் மகனுக்குப் பிடித்ததைக் காலையிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

அத்தையைப் பற்றி. கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பைகளுக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். நம் குடும்பச் சுற்றுலாக்களில் பாட்டிகளுக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் அதுதான். பைக்கு லாக்கர் இருக்கிறது. வாட்டர்வேர்ல்டு என்ற சண்டைக் காட்சியை உட்கார்ந்தபடி பார்க்கலாம். நெருப்பு, படகு, ஆகாயத்திலிருந்து விழும் விமானம் எல்லாம் உண்டு. முன்வரிசைகளில் தண்ணீர் வாரியடிக்கும், பின்னால் உட்காருங்கள். செசமி ஸ்ட்ரீட் ரைடு மெதுவாகத்தான் போகும், பேத்தியோடு அவரே ஏறட்டும். நீங்கள் மூவரும் பெரிய ரைடுக்குப் போகும் நேரத்தில் பாட்டியும் பேத்தியும் ஐஸ்கிரீமோடு நிழலில் இருப்பார்கள். உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். நாலு மணிக்கு அவர் களைத்துவிட்டால் உங்களில் ஒருவர் அவரோடு ஹோட்டலுக்குத் திரும்புவது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அங்கே போய்ப் பேசினால் அது நீங்களாகத்தான் இருக்கும்!

கடைசி நாள் சாமான் வாங்க முஸ்தபா சென்டர் கடைக்கு எப்படியும் போவீர்கள். சாக்லெட்டும் தைலமும் வாங்குவதற்கு முன் டிக்கெட்டில் திரும்பும் பயணத்துக்கு எத்தனை கிலோ போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதாது என்றால் ஆன்லைனில் அன்றைக்கே கூட்டி வாங்கிவிடலாம், சாங்கி கவுன்ட்டரில் கேட்கிற விலை வேறு. தைல பாட்டில்களைப் பெரிய பெட்டியில் போடுங்கள்.